எட்டறைப் பெட்டி

வீட்டுக்குள் ஒரு சாமானைக் கொண்டுவருவது சுலபம். வெளியே கொண்டுபோவதுதான் கஷ்டம். நம் பாட்டனார்கள் இந்தக் கஷ்டத்தை அனுபவித்ததில்லை. காரணம், அவர்கள் எதையுமே வெளியே கொண்டுபோகவில்லை. தேக்கு பீரோ ஒன்று வந்தால், ரேழியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, காமிரா உள்ளின் மூலையில் போய் நின்றுகொள்ளும். அப்புறம் அதை நகர்த்துவதற்கு வெள்ளையடிக்கிற நாள் ஒன்றுதான் முகூர்த்தம். அதன் எதிரே குழந்தைகள் பிறந்தன, கல்யாணங்கள் நடந்தன, பெரியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். பீரோ மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

இன்றைக்கு நகர்கிறவர்கள் மனிதர்கள். பதினோரு மாத ஒப்பந்தம், அது முடிந்தால் இன்னொரு பதினோரு மாதம், அதற்குள் உத்தியோகம் ஊரின் மறுகோடிக்கு மாறிவிட்டால் வேறு வீடு. பெங்களூரில் இருக்கும் என் பெண் ஆறு வருஷத்தில் நான்கு வீடு மாறிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அவள் டெலிபோனில் முதலில் சொல்வது வாடகையை அல்ல. வீட்டின் லிஃப்ட் எத்தனை அகலம் என்பதைத்தான். லிஃப்டுக்குள் நுழையாத சாமானுக்கு அவள் வாழ்க்கையில் இடமில்லை.

ஆகவே சென்ற ஆண்டு நான் போயிருந்தபோது, அவளும் மாப்பிள்ளையும் ஒரு மாலையில் அலமாரி வாங்கிக்கொண்டு வந்தார்கள் என்றால், கதவைத் திறந்ததும் அலமாரி கண்ணில் படவில்லை. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த ஓர் அட்டைக் கட்டைத்தான் இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நாகசந்திராவில் 2022-இல் திறந்த ஸ்வீடன் தேசத்துக் கடையான ஐகியாவில் வாங்கியது. அலமாரியின் பெயர் கல்லாக்ஸ். ஸ்வீடனின் வடகோடியில் லூலியோ நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரின் பெயராம். பெயரில்தான் கல், உள்ளே இருப்பது பெரும்பாலும் காகிதம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சாமானைப் பிரித்து அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் பூட்டிக்கொள்வது என்ற யோசனை ஸ்வீடன்காரர்களுக்கு முன்பே இருந்தது. ஆஸ்திரியாவில் மைக்கேல் தோனெட் என்பவர் 1859-இல் ஒரு நாற்காலி செய்தார். ஆவியில் வளைத்த மரத்துண்டுகள் ஆறு, திருகாணி பத்து, மரை இரண்டு, அவ்வளவுதான் நாற்காலி. ஒரு மீட்டர் நீள அகல உயரமுள்ள பெட்டிக்குள் 36 நாற்காலிகளைப் பிரித்து அடுக்கிக் கப்பலேற்றிவிடலாம். உலகத்துக் காப்பி ஹோட்டல்களெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தன. ஐகியாவை 1943-இல் 17 வயதுப் பையனான இங்வார் காம்ப்ராட் ஆரம்பித்தபோது, அது தபாலில் சில்லறைச் சாமான் விற்கிற வியாபாரம்தான். 1956-இல் அங்கே வேலை பார்த்த கில்லிஸ் லுண்ட்கிரென், ஒரு மேஜை காருக்குள் நுழையவில்லை என்று அதன் கால்களைக் கழற்றினார் என்றும், அந்தக் கழற்றலிலிருந்துதான் தட்டைப் பெட்டி வியாபாரம் பிறந்தது என்றும் சொல்கிறார்கள். பெரிய காரியங்கள் பல இப்படிக் கதவில் இடித்துக்கொண்டுதான் பிறக்கின்றன.

காம்ப்ராட்டுக்கு எழுத்தும் எண்ணும் கண்ணில் குழம்புகிற குறை ஒன்று இருந்தது. நம்பரை நினைவு வைத்துக்கொள்வதைவிடப் பெயரை நினைவு வைப்பது அவருக்குச் சௌகரியம். அதனால்தான் ஒவ்வொரு சாமானுக்கும் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும். ஒரு மனிதரின் குறை உலகம் முழுவதுக்கும் வழக்கமாகிவிட்டது.

அட்டையைக் கிழித்ததும் பலகைகள், ஒரு பொட்டலத்தில் மர முளைகள், நீளமான திருகாணிகள், ‘ட’ எழுத்தைப் போல வளைந்த ஒரு சாவி, ஒரு படப் புத்தகம். புத்தகத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. எழுதிப் பிழைக்கிற எனக்கு இது முதலில் சற்று மானக்கேடாகத்தான் பட்டது. ஆனால் தமிழனும் கன்னடியனும் ஸ்வீடன்காரனும் எழுத்துத் தெரியாதவனும் ஒரே புத்தகத்தைப் படித்து ஒரே அலமாரியைச் செய்துவிட முடிகிறது என்றால், எழுத்தாளன் கொஞ்சம் அடக்கமாக இருப்பது நல்லது. முதல் பக்கத்தில் ஒரு மனிதன் தனியாக நிற்கிறான். அவன்மேல் பெருக்கல் குறி. பக்கத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள், சிரிக்கிறார்கள். இல்லறத்தைப் பற்றிப் பெரிய பெரிய நூல்கள் சொல்வதை இரண்டு பொம்மைகளில் சொல்லிவிட்டார்கள்.

மாப்பிள்ளையும் நானும் உட்கார்ந்தோம். பக்கப் பலகையைத் தரையில் கிடத்தி, துளைகளில் மர முளைகளைச் செருகி, குறுக்குத் தட்டுகளையும் நடுச் சுவர்களையும் ஒவ்வொன்றாக அதன்மேல் இறக்கி, கடைசியில் எதிர்ப் பக்கத்தை வைத்து மூடி, நாலு மூலையையும் சாவியால் முறுக்க வேண்டும். ஒரு மூலையை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. நாலையும் பாதி பாதியாக இறுக்கி, பிறகு முழுக்க இறுக்க வேண்டும். இதற்கு முதுகுப் பலகை கிடையாது. அதனால் கோணிக்கொள்ளாமல் பார்க்க மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்தோம். இரண்டு நூலும் ஒரே நீளம் இருந்தால் சதுரம் சரி. ஒரு மணி நேரத்தில் 147 சென்டிமீட்டர் உயரமும் 77 சென்டிமீட்டர் அகலமுமாக, நாலு அடுக்கில் எட்டு அறைகள் எழுந்து நின்றன. அஞ்சறைப் பெட்டியைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தது போல இருந்தது.

ஒவ்வோர் அறையும் 33 சென்டிமீட்டர் சதுரம். இந்த அளவில் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய பெரிய இசைத்தட்டின் உறை ஏறக்குறைய 31 சென்டிமீட்டர். அது இந்த அறைக்குள் விரல் நுழைய இடம் விட்டு நிற்கும். இதற்கு முன் எக்ஸ்பெடிட் என்ற பெயரில் இதே மாதிரி அலமாரி ஒன்று இருந்தது. அதை 2014-இல் நிறுத்தப் போகிறார்கள் என்றதும், ஜெர்மனியில் இசைத்தட்டு சேர்க்கும் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு கூச்சல் போட்டுவிட்டார்கள். கடைசியில் பார்த்தால், புதிய அலமாரியில் வெளிச் சட்டத்தின் தடிமன்தான் குறைந்திருந்தது. அறையின் அளவு மாறவில்லை. ரசிகர்கள் சமாதானமானார்கள்.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். பலகையை விரலால் தட்டினால் தப்புச் சத்தம் கேட்கிறது. ஓரங்களில் மரத்தூளை அழுத்திச் செய்த சட்டம். நடுவிலே தேன்கூடு மாதிரி மடித்த காகிதம். மேலும் கீழும் மெல்லிய தகடு. தேன்கூட்டுக்கு உள்ள பலம் அதற்கும் உண்டு. ஆனால் எல்லை உண்டு. ஒரு தட்டுக்கு 13 கிலோ என்கிறார்கள். நம் புத்தகங்கள் ஒரு வரிசை நிறுத்தினால் ஆறு கிலோவுக்கு அருகில் வரும். அறையின் ஆழம் தாராளமாக இருப்பதால் பின்னால் இன்னொரு வரிசை வைக்க ஆசை வரும். வைத்தால் எல்லையைத் தொட்டாயிற்று. நடுப்பலகையில் ஆணி அடித்தால் காகிதத்தில்தான் இறங்கும், பிடிப்பிராது. இன்னொரு எதிரி தண்ணீர். நம் ஊரில் தரையை ஈரத் துணியால் துடைக்காமல் ஒரு நாள் விடியாது. அடிப்பலகை ஈரம் குடித்தால் ஊறி உப்பிவிடும். பிறகு எந்த வைத்தியமும் பலிக்காது. அதனால் என் பெண் முதல் காரியமாக அதற்கு இரண்டு அங்குலக் கால்கள் வாங்கிப் பூட்டினாள்.

பிறகு அலங்காரம் ஆரம்பித்தது. கடையிலேயே அந்த அறைகளுக்கு அளவெடுத்த கதவு, இழுப்பறை, கூடை எல்லாம் கிடைக்கின்றன. அவள் ஒரு ஜோடி இழுப்பறை மட்டும் வாங்கினாள். மற்ற இரண்டு அறைகளுக்கு அம்மாவின் கிழிந்த சுங்குடிப் புடவையில் திரை தைத்தாள். வழவழப்பான மேல்பூச்சில் பெயிண்ட் நேராக ஒட்டாது. உப்புக் காகிதத்தால் லேசாகத் தேய்த்து, அடிப்பூச்சு கொடுத்து, அப்புறம்தான் வர்ணம். ஓரங்களுக்கு அரக்குச் சிவப்பு அடித்தாள். ஸ்வீடன்காரன் வந்து பார்த்தால் தன் பிள்ளையைத் தத்துக் கொடுத்தது போல் விழித்திருப்பான். நமக்கு இது புதிதா என்ன? டிரங்குப் பெட்டியையும் பெஞ்சையும் மேஜையையும் உயரம் பார்த்து அடுக்கி, மேலே வேஷ்டியை விரித்து, ஒன்பது நாளைக்கு அதைக் கொலுப்படி என்று உலகத்தை நம்ப வைத்தவர்கள் அல்லவா நம் பெண்கள்!

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது என் பேரன் வந்தான். அவனுக்கு நாலு வயது. எட்டு அறைகளையும் ஒரு பார்வை பார்த்தான். எங்களுக்கு அலமாரியாகத் தெரிந்தது அவனுக்கு ஏணியாகத் தெரிந்தது. இரண்டாவது தட்டில் காலை வைத்துவிட்டான். நான் எழுந்து ஓடுவதற்குள் அவன் அம்மா பிடித்துவிட்டாள்.

இது சிரிக்கிற சங்கதியல்ல. இழுப்பறைப் பெட்டிகள் குழந்தைகள்மேல் சாய்ந்து உயிர்கள் போன பிறகு, 2016-இல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 2 கோடியே 90 லட்சம் பெட்டிகளை ஐகியா திரும்பப் பெறுவதாக அறிவிக்க வேண்டி வந்தது. குழந்தை ஏறினால் பாரம் முன்பக்கம் வருகிறது. திறந்த இழுப்பறை அதை இன்னும் முன்னால் இழுக்கிறது. இத்தனை பெரிய துன்பத்தைத் தடுப்பது பெட்டிக்குள்ளேயே போட்டுக் கொடுக்கிற ஓர் இரும்புத் துண்டு. அதை அலமாரியின் தலையில் ஒரு பக்கமும் சுவரில் ஒரு பக்கமும் பூட்டிவிட வேண்டும். ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வாடகை ஒப்பந்தத்தின் ஷரத்து. என் பெண் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னாள். “குழந்தை விஷயம்னா தாராளமா அடிங்கம்மா” என்றார் அந்த மனிதர். சட்டத்துக்கு மேலே மனுஷத்தனம் இருக்கிறது என்பதை அவ்வப்போது இப்படிப் பார்க்க முடிகிறது.

சுவரைத் துளைக்க வந்த தச்சர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். வேலையை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து, பலகையை ஒரு தட்டுத் தட்டினார்.

“எப்படி இருக்கு ஆசாரியாரே?” என்றேன்.

“பார்க்க நல்லாத்தான் இருக்கு சார். ஆனா அடிக்கடி பிரிச்சு மாட்டாதீங்க. தூளு மரம், ரெண்டு தரம் கழட்டினா துளை தளர்ந்துடும்.”

“என்ன செய்ய? இதையாவது பிரிக்க முடிகிறது. ஊரில் ஒரு தேக்கு பீரோ கிடக்கிறது. வீட்டைக் காலி செய்கிறேன். மாடியிலும் ஏறாது, லிஃப்டிலும் நுழையாது. பழைய சாமான்காரனிடம் பேசியாயிற்று.”

படம் இருக்கிறதா என்று கேட்டார். டெலிபோனில் காட்டினேன். கும்பகோணத்து வீட்டில், என் மனைவி தன் புடவைகளையும் குழந்தைகளின் ஜாதகங்களையும் முப்பத்தெட்டு வருஷம் வைத்திருந்த பீரோ. அவள் போன பிறகு அதன் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. தச்சர் படத்தைப் பெரிதாக்கி மேல் முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இதை வித்துடாதீங்க. இது ஆப்பு வெச்ச வேலை. மேலே அந்த முகப்பைத் தூக்கிட்டு உள்ளே பாருங்க, நாலு மூலையிலும் ஆப்பு இருக்கும். தட்டினா மொத்தமும் பலகை பலகையா வந்துடும். அந்தக் காலத்துல மாட்டு வண்டியில ஏத்தித்தானே சார் கொண்டாந்திருப்பாங்க?”

ஊருக்குப் போனதும் எங்கள் தெரு ஆசாரியை வரவழைத்தேன். முகப்பைத் தூக்கினார். நாலு மூலையிலும் நாலு ஆப்புகள், தொண்ணூறு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கோடு உட்கார்ந்திருந்தன. மரச் சுத்தியால் அடியிலிருந்து மெதுவாகத் தட்டினார். கதவு வந்தது, பக்கங்கள் வந்தன, முதுகு வந்தது. ஓர் ஆணிகூட இல்லை. முற்பகலில் பீரோவாக இருந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்குள் சுவரில் சாய்த்த ஒன்பது பலகைகளாகிவிட்டது. பெங்களூரில் லிஃப்டில் மூன்று நடை.

தன் கையால் பூட்டிய பெட்டியை மனிதன் அதன் விலைக்கு மேல் நேசிக்கிறான் என்று மைக்கேல் நார்ட்டனும் அவர் நண்பர்கள் இருவரும் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்து 2012-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். செய்து முடித்ததைப் பிரித்துவிட்டால் அந்த நேசம் கரைந்துபோகிறது என்றும் கண்டார்களாம். இருக்கலாம். ஆனால் எங்கள் பீரோவைப் பிரித்துப் பூட்டிய பிறகு அதன்மேல் எனக்கு ஆசை குறையவில்லை. தேக்கு இரண்டாம் தடவையும் முதல் தடவை போலவே ஆப்பைக் கவ்விக்கொண்டது. மனசும் அப்படித்தான் போலிருக்கிறது.

மரத்தில் எங்கள் ஆசாரி உயர்ந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் ஸ்வீடன்காரனிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். அவன் சாவியையும் படத்தையும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறான். நம் ஆசாரி அந்த வித்தையைத் தன் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருஷம் அந்த முகப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சொல்ல ஆளில்லாமல், நாலு ஆப்பும் இருட்டில் காத்திருந்தன. இன்னும் பத்து நாள் கடந்திருந்தால் பழைய சாமான்காரன் வண்டியில் ஏறியிருக்கும்.

ஆகையால் ஒரு வெள்ளைத் தாளில், எந்தப் பலகை முதலில், எந்த ஆப்பு எந்த மூலையில் என்று படம் போட்டிருக்கிறேன். வார்த்தை ஒன்றும் எழுதவில்லை. இரண்டு பேர் நிற்கிற பொம்மை மட்டும் ஓரத்தில் உண்டு. அதைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். என் பேரன் ஆளாகி, எந்த ஊரில் எந்த மாடியில் குடியிருப்பானோ தெரியாது. இந்தப் பீரோவை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா என்று அவன் தீர்மானிக்கட்டும். பிரிக்கத் தெரியாத ஒரே காரணத்துக்காக அதை அவன் விட்டுவிட வேண்டியதில்லை.