இரு செவியும் ஒரு திசையும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியெங்கும் சீமைக்கருவேல் அடர்ந்து கிடக்கிறது. நீர் வற்றிய கண்மாய்களின் உட்புறத்தையும் அதுவே நிரப்பியிருக்கிறது. பார்வை பத்தடிக்குமேல் செல்லாத அம்முட்காட்டுக்குள் ஆடு மேய்ப்பவருக்குக் கண்ணைவிடச் செவியே துணை. மந்தை கலைந்துவிட்டால் அவர் ஓடித் தேடுவதில்லை. நின்று, மூச்சடக்கி, தலையைச் சற்றே இடமும் வலமும் திருப்புகிறார். கழுத்துமணி எங்கோ ஒருமுறை கிணுகிணுக்கிறது. அவ்வளவு போதும், கோலை ஊன்றி அத்திசை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுகிறார்.

இதனைப் பழக்கம் என்று கூறிக் கடந்துவிடலாம். ஆயினும், அந்தக் கணத்தில் அவர் மூளை போடும் கணக்கு எளியதன்று. மணி வலப்புறம் ஒலித்தால் அவ்வொலி வலச்செவியை முதலில் அடைகிறது. தலையைச் சுற்றிக்கொண்டு இடச்செவிக்குச் சிறிது பிந்திச் சேர்கிறது. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். ஆகவே, ஒலி நேர் வலப்புறத்திலிருந்து வந்தாலும் அந்தத் தாமதம், ஒரு வினாடியைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஆறேழு கூறுக்கு மேற்படாது. நேர் எதிரே எழும் ஒலிக்குத் தாமதமே இல்லை. இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டே மூளை திசையைக் கணிக்கிறது. கூர்ந்து கேட்பவர் ஒரு வினாடியின் இலட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டைக்கூட உணர வல்லவர். இரு செவிகளின் செய்திகளும் முதன்முதலாகச் சந்திப்பது மூளைத்தண்டில். கேட்பவர் சிந்திக்கத் தொடங்குமுன்பே கணக்கு முடிந்துவிடுகிறது.

தாமதம் மட்டுமே சான்றன்று. இங்கிலாந்து இயற்பியல் அறிஞர் ராலே பிரபு புல்வெளியில் கண்களை மூடி நின்று, சுற்றி நின்றவர்கள் எழுப்பிய ஒலிகளின் திசையைச் சொல்லிப் பார்த்தவர். மனிதக் குரலின் திசை அவருக்கு எளிதில் விளங்கியது. இசைக்கவையின் ஒலியோ முன்னிருந்து வருகிறதா, பின்னிருந்து வருகிறதா எனத் தடுமாற வைத்தது. 1907ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடிப்படையாயிற்று. திருவிழாவில் முழங்கும் உறுமியின் அடித்தொனி போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கு அலைநீளம் மிகுதி. அவை தலையை எளிதாக வளைத்துக்கொண்டு மறுபுறம் சென்றுவிடுவதால் இரு செவியிலும் ஏறத்தாழ ஒரே உரப்புடன் கேட்கும். அவற்றுக்குக் காலவேறுபாடே வழிகாட்டி. மணியின் கூரிய ஒலியோ குறுகிய அலைகளால் ஆனது. தலை அதனை மறித்து நிழல் விழச்செய்கிறது. நிழற்பக்கச் செவியில் ஒலி மெலிகிறது. அந்த மெலிவும் ஒரு குறிப்பாகிறது.

முன்னும் பின்னும் சமதொலைவில் எழும் ஒலிகளுக்கு மேற்கூறிய இரண்டு வேறுபாடுகளும் பயன்படா. அங்கே செவிமடலின் மடிப்புகள் கைகொடுக்கின்றன. ஒலி வரும் கோணத்துக்கேற்ப அவை அதன் தன்மையைச் சிறிது மாற்றியனுப்புகின்றன. ஆடு மேய்ப்பவர் தலையைத் திருப்பியதும் வெறும் வழக்கத்தால் அன்று. தலை அசையும்போது எந்தச் செவி ஒலிக்கு அண்மையில் வருகிறது என்பதைக் கொண்டே முன்பின் ஐயம் நீங்குகிறது.

இக்கலையில் மனிதரை விஞ்சிய உயிர் ஒன்று ஊரருகிலேயே வாழ்கிறது. பாழ்மண்டபங்களிலும் கோபுரப் பொந்துகளிலும் தங்கும் கூகையின் அலறலைத் தீக்குறி என்று மக்கள் அஞ்சுவர். எலிகளை ஒழித்து உழவருக்கு உதவும் அப்பறவைக்கு இந்தப் பழி பொருந்தாது. கூகை முழு இருளில் ஒலியைக் கொண்டே இரையைப் பிடிக்கும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் பெய்ன் மெய்ப்பித்தார். அதன் இரு செவித் துளைகளும் ஒரே உயரத்தில் அமையவில்லை. அதனால் இடவலத்தோடு மேல்கீழையும் அது துல்லியமாக அறிகிறது. ஒரு செவியை அடைத்தபோது கூகையின் குறி தவறியது.

“ஒரு காது போனால் என்ன, இன்னொன்று இருக்கிறதே” என்று ஆறுதல் சொல்வோர் கூகையின் இந்த நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒற்றைச் செவியால் மணியோசையைக் கேட்கலாம். அது எங்கிருந்து வருகிறது என்பதை அறிவது கடினம். சாலையைக் கடக்கும்போது பேருந்தின் ஒலிப்பான் கேட்கும். எப்பக்கம் விலகுவது என்பது புலப்படாது. கல்யாண வீட்டு இரைச்சலுக்கிடையே எதிரிலிருப்பவர் பேச்சைப் பிரித்தறிவதும் அரிதாகிவிடும்.

அருப்புக்கோட்டையின் நூற்பாலைகளும் விசைத்தறிகளும் பல குடும்பங்களுக்குச் சோறிடுபவை. ஆயினும், இயந்திரப் பேரொலியில் பல்லாண்டு உழைப்போரின் செவி மெல்ல மெல்லக் கேடுறும். அக்கேடு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் அதிர்வெண்களில் தொடங்குகிறது. பேச்சின் தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்பதால் எவரும் அதனைத் தொடக்கத்தில் உணர்வதில்லை. செவிச்செருகிகள் பாதுகாப்புத் தருபவையே. ஆனால் அவை திசையுணர்வையும் ஓரளவு மழுக்கிவிடுகின்றன. யார், எங்கிருந்து அழைக்கிறார் என்று தெரியவில்லையே என ஒருவர் ஒரு பக்கச் செருகியை மட்டும் கழற்றிவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்: அச்செவிக்குக் காப்பில்லை; திசையும் தெளிவதில்லை.

பிள்ளைகளிடம் இக்குறை வேறு உருவில் மறைந்திருக்கும். நடுச்செவியில் சீழ் கட்டி ஒரு காது மந்தமான மாணவர் வீட்டில் இயல்பாகவே பேசுவார். வகுப்பில் அழைத்தால் மறுபக்கம் திரும்புவார். பின்னிருக்கையில் அமர்ந்தால் பாதிப் பாடம் தவறிப்போகும். கவனமற்றவர் என்ற பெயர் விரைவில் ஒட்டிக்கொள்ளும். காதில் எண்ணெய் ஊற்றுவது தீர்வன்று. சீழ் வடியும் காதுக்கு அது கேடு. அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் இதற்கு மருத்துவம் உண்டு. அதுவரை, நல்ல செவி ஆசிரியரின் பக்கம் அமையுமாறு அம்மாணவரை முன்வரிசைக்கு மாற்றி அமர்த்தினால் பாடமாவது தடையின்றிச் சென்று சேரும்.