வள்ளம் கட்டிய கை

திருகோணமலைச் சீனன்குடா என்றால் வெளியூர்க்காரருக்கு விமானத்தளமும் பிரிமா மாவாலையும் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகளும்தான் நினைவுக்கு வரும். நான் போனது ஓர் ஓடாவியாரின் கொட்டிலுக்கு. உப்புவெளியில் விடுதி நடத்தும் நண்பர், தன் சிறிய பிரிட்ஜுக்குள் வைன் போத்தல்களைப் படுக்கவைக்க மரத்தட்டு ஒன்று அவரிடம் செய்யக் கொடுத்திருந்தார்.

தக்கை அடைத்த வைன் போத்தலை மாதக்கணக்கில் நிமிர்த்தி வைத்தால் தக்கை காய்ந்து சுருங்கும். காற்று புகுந்து வைன் கெடும். திருகுமூடிப் போத்தலுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் வெப்பம் எல்லாப் போத்தலுக்கும் எதிரி. திருகோணமலையில் 30 பாகை தாண்டும் அறையில் நல்ல வைனை வைக்க முடியாது. வைனுக்கென்றே செய்த குளிர்பெட்டி விலை கூட. அதனால்தான் இருக்கிற பிரிட்ஜுக்கு மரத்தட்டு.

ஓடாவியார் தகப்பனோடு வள்ளம் கட்டி வளர்ந்தவர். கண்ணாடியிழைப் படகு வந்து மரவள்ளத்தை ஒதுக்கியது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவையும் பெரும்பாலும் அந்தப் படகுகளே. கதவு, யன்னல், அலுமாரி என்று மாறியவர், இப்போது விடுதிகளின் சில்லறை வேலைகளையும் எடுக்கிறார்.

நண்பர் எழுதிக் கொடுத்த அளவுத் துண்டை அவர் நம்பவில்லை. பிரிட்ஜையே கொட்டிலுக்கு வரவழைத்திருந்தார்.

"வெளியால பார்த்தாச் சதுரம், தம்பி. உள்ளுக்கு எங்க சதுரம் இருக்கு?" என்று நாடாவைப் பிடித்துக் காட்டினார். வாசலில் இருந்த அகலம் பின்சுவரில் இல்லை. அச்சிலிருந்து கழன்று வருவதற்காக பிளாஸ்டிக் உள்ளுறையைச் சற்றுச் சரிவாகவே வார்க்கிறார்கள். மூலைகள் உருண்டை. அடியில் பின்பக்கம் கம்பிரசருக்காக எழுந்த மேடு. மட்டைத்தாளை உள்ளே நுழைத்து, இடித்த இடத்தைச் சீவி, மறுபடி நுழைத்தார். வள்ளத்தின் விலாச்சட்டங்களான வங்குகளைப் பக்கப்பலகையின் வளைவுக்கு இணக்கிய அதே முறை.

வழக்கமான 750 மில்லிலீற்றர் போத்தலின் வயிறு ஏறக்குறைய 75 மில்லிமீற்றர். பலகையில் 80 மில்லிமீற்றர் துளைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் நடுக்கோட்டில் பலகையை நெடுக அறுத்தார். ஒரு பலகை இரண்டாகி, இரண்டிலும் அரைவட்டங்கள் வந்தன: கீழ்வரிசைக்கு ஒன்று, மேல்வரிசைக்கு ஒன்று. கழுத்தைத் தாங்க இன்னொரு பலகை, சிறிய துளைகளோடு. இரண்டையும் நடுக்கோட்டில் அறுத்து ஒரே உயரத்தில் நிறுத்தினால் போத்தல் தானாக மட்டமாகப் படுக்கும். ஷாம்பெயின் போத்தல் பருமன் கூடியது. அதற்காக ஒரு துளையைப் பெரிதாக்கினார்.

நிறைந்த போத்தல் ஒன்று ஒன்றேகால் கிலோ வரும். எட்டு என்றால் பத்துக் கிலோ. பாரத்தைக் கண்ணாடித் தட்டில் ஏற்றாமல், முன்கால்கள் அடித்தளத்திலும் கட்டையான பின்கால்கள் மேட்டிலும் நிற்கும்படி அமைத்தார். பின்சுவரிலிருந்து ஒரு விரல் இடைவெளி. அந்தச் சுவரில்தான் நீர் கோத்து வடிகால் துளைக்கு இறங்கும். மரம் ஒட்டி நின்றால் நீரும் தேங்கும், குளிர்காற்றும் சுற்றாது.

மரம், சரக்கோடு வரும் பலட்டுகளின் பழைய பைன். அவற்றில் குத்திய முத்திரையைப் பார்த்துத்தான் எடுக்கிறார்: சூடுகாட்டிய மரத்துக்கு எச்.டி., மெதில் புரோமைட் புகையிட்டதற்கு எம்.பி. இரண்டாவதை அவர் தொடுவதில்லை. "ஈரம் பட்டா மரம் அகலப்பாட்டுக்குத்தான் ஊதும், நீளப்பாட்டுக்கு ஊதாது" என்று சொல்லி அதற்கேற்ப இடம் விட்டார். இரும்பாணி துருப்பிடிக்கும் என்று பித்தளைத் திருகாணி. வார்னிஷ் வாடை மூடிய பெட்டிக்குள் நிற்கும், தேங்காய் எண்ணெய் சிக்கெடுக்கும். அதனால் மருந்துக்கடை லிக்விட் பாரஃபினைத் துணியில் தொட்டுத் தேய்த்தார்.

இவ்வளவுக்கும் போன மரம் ஒரு சிறு கட்டுத்தான். மரத்தின் விலையை வைத்துக் கூலி பேசுகிறவர்களுக்கு இந்த வேலை கொள்ளை விலையாகத் தெரியும். உண்மையில் இதில் பாதி வேலை அளவெடுப்பு. இப்படி ஒன்று செய்யக் கொடுப்பதாக இருந்தால் துண்டில் அளவு எழுதிக் கொடுப்பதோடு நிற்காமல், பிரிட்ஜையும் வைக்கப்போகும் போத்தலையும் கொண்டுபோய்க் கொடுங்கள். அளவெடுக்கும் நேரத்துக்கும் கூலி கொடுங்கள்.