மரம் எத்தனை?

2018 நவம்பர் 16 விடிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், எங்கள் சேதுபாவாசத்திரம் பக்கத்துத் தென்னந்தோப்புகளையும் சாய்த்துப் போட்டது. கஜா என்றால் யானை. பெயர் கொடுத்தது இலங்கை. பொருத்தமான பெயர்தான்.

அடுத்து வந்தது கணக்கெடுப்பு. மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 என்று அரசு அறிவித்திருந்தது. பிள்ளை மாதிரி வளர்த்த மரத்துக்கு இவ்வளவுதானா என்று தோப்புக்காரர்கள் கொதித்தார்கள். அதில் நியாயம் இருந்தது. எங்கள் தெருவுக்கு நோட்டோடு வந்தவர் அம்மாவிடம், "உங்களுக்கு மரம் எத்தனைம்மா?" என்று கேட்டார்.

"மரம் எங்களுது இல்ல சார். மட்டைதான் எங்களுது."

அவருக்கு விளங்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மா கீற்று முடைகிறவள். தோப்பில் விழும் மட்டையை இழுத்து வந்து, குளத்தில் ஊறப்போட்டு, நடுவில் இரண்டாகப் பிளந்து, வாசலில் குந்தி முடைவாள். பாளையும் பன்னாடையும் அடுப்புக்கு. ஈர்க்கைச் சீவினால் துடைப்பம். என் பள்ளிக்கூட நோட்டு, தங்கையின் கொலுசு, தீபாவளிச் சீட்டு எல்லாம் அந்தக் கீற்றுக் காசுதான். அப்பா தேங்காய் உரிக்கப் போவது வேலை. அம்மா செய்வது 'சும்மா இருக்குற நேரத்துல பாக்குறது'. எங்கள் வீட்டிலேயே அப்படித்தான் பேச்சு. அப்புறம் அரசாங்க நோட்டில் மட்டும் அது எப்படி ஏறும்?

குடிசைக்கென்று ஒரு தொகை வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இழந்த பிழைப்புக்கு எதுவும் வரவில்லை. மல்லிப்பட்டினத்திலும் இதே கதை: உடைந்த படகை எண்ணினார்கள். ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்களுக்கு, படகு போகாத மாதங்களில் கூடையும் காலிதான். தோப்பு இருந்த வீடுகளில் மட்டும் பெண்களுக்கு என்ன கிடைத்தது? பட்டா மாமனார் பேரில். தண்ணீர் பாய்ச்சி, மாட்டெரு சுமந்து கன்றை மரமாக்கியவள், ரூபாய் யார் கணக்கில் ஏறியது என்பதைப் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

வேடிக்கை என்னவென்றால், புயலுக்குப் பிந்தைய சில மாதங்கள் அம்மாவுக்கு ஓய்வே இல்லை. ஊரெல்லாம் மட்டை மலை, ஊரெல்லாம் கூரையில்லாத வீடு. இருட்டும்வரை முடைந்தாள். விழுந்த மட்டை தீர்ந்ததும் வேலையும் நின்றது. சின்ன அத்தை மகள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். அம்மா நூறு நாள் வேலைக்குப் பேர் கொடுத்தாள்.

அப்போது வைத்த கன்றுகள் இப்போது மட்டை விடுகின்றன. கீற்று கேட்டு வருகிறவர்கள்தான் குறைவு, பாதி ஊர் தகரத்துக்கு மாறிவிட்டது. போன மாதம் ஒருவர் கொட்டகை போடக் கேட்டு வந்தார். அம்மா மட்டையை ஊறப்போட்டுவிட்டு, "கூலிய முன்னாடியே பேசிக்குவோம் தம்பி" என்றாள்.