மின்பற்றூரிகையும் அன்னையின் கையும்

பல் துலக்குவதற்கும் மின்சாரம் வேண்டுமோ என்று நகைத்தவர்களுள் நானும் ஒருவன். வேப்பங்குச்சியை மென்று, கிணற்றடியில் வாய் கொப்பளித்து வளர்ந்தவர்கள் நாம். கையசைக்கவும் சோம்பிய செல்வருக்கென அமைந்த விளையாட்டுப் பொருளே மின்பற்றூரிகை என்பது என் துணிபாயிருந்தது. கல்லூரி ஆசிரியர் அறையில் அதனைக் குறித்து நான் செய்த பகடிகளை நினைக்கையில் இன்று நாணமே மேலிடுகின்றது.

என் அன்னையாருக்கு வயது 78. மூட்டுவாதத்தினால் விரல்கள் வீங்கிக் கைப்பிடி தளர்ந்துவிட்டது. பற்றூரிகையின் மெல்லிய காம்பு அவர் கையில் நில்லாது நழுவும். சில மாதங்களாக அவர் எவரும் விழித்தெழுமுன் கிணற்றடிக்குச் சென்று வந்தார். வயது முதிர முதிரத் துயில் குறைவது இயல்பென்று நாம் வாளாவிருந்தோம். தூரிகை நழுவி விழுவதை வீட்டார் கண்டுவிடலாகாது என்பதே காரணமென அறிந்திலோம்.

ஒருநாள் அதனைக் கண்டுவிட்ட என் மனைவி, "மாமி, நான் பல்லுத் தீட்டிவிடட்டே?" என்று பரிவுடன் கேட்டாள். "நான் என்ன பச்சைப்பிள்ளையே?" என்றார் அன்னையார். அன்று காலை உணவை அவர் தொடவில்லை. அதற்குள் முரசு வீங்கிக் குருதி கசியவும் தொடங்கியிருந்தது.

பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். அவர் அன்னையாரின் வாயைப் பார்த்தார். பின்னர் கையையும் பார்த்தார். "தடித்த பிடியுள்ள மின்பற்றூரிகை ஒன்று வாங்கிக் கொடுங்கள்" என்றார். யான் தயங்குவதைக் கண்டு, அதன் வரலாற்றையும் எடுத்துரைத்தார். 1954ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தில் பிலிப் கீ வூக் என்பார் இதனை ஆக்கியபோது, கை வழங்காதோருக்கும் பற்களுக்குக் கம்பி கட்டியோருக்கும் உதவுவதே நோக்கமாயிருந்ததாம். சோம்பேறிகளின் கருவியென யான் இகழ்ந்தது, என் அன்னையார் போன்றோருக்கெனவே பிறந்ததென்று அன்றுதான் அறிந்தேன்.

வாங்கப் புகுந்தபோது வேறு சங்கடங்கள் எழுந்தன. கனடாவிலுள்ள உறவினர் ஒருவர் அனுப்ப முன்வந்தார். அந்நாட்டில் மின்னழுத்தம் 120 வோல்ற்று. நமது நாட்டிலோ 230. அங்கு விற்கும் மின்னேற்றிகள் சில இங்குப் பழுதாகிவிடும் ஆதலின், இங்கேயே வாங்கத் துணிந்தேன். கடைக்காரர் கைத்தொலைபேசியுடன் இணையும் விலையுயர்ந்த தூரிகையொன்றைக் காட்டினார். எமக்கு வேண்டியவை அவையல்ல. பருத்த பிடி, ஒரேயொரு பொத்தான், சிறிய தலை, மென்மையான நார், இரண்டு நிமிடங்களை உணர்த்தும் மணிக்கருவி, மிகையாய் அழுத்தினால் எச்சரிக்கும் அமைப்பு ஆகியனவே போதும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய தலை நம்மூர்க் கடையிற் கிடைக்குமோ என்பதையும் உசாவி அறிந்த பின்னரே பணம் கொடுத்தேன்.

முதல் நாள், செய்து காட்டும் பெருமிதத்தில், வாயில் வைக்குமுன் பொத்தானை அழுத்திவிட்டேன். பற்பசை என் சட்டையெங்கும் தெறித்தது. அன்னையார் பலநாட்களின் பின் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "தம்பி, கறண்ட் அடிக்காதே?" என்று வினவினார். மின்னேற்றும் தட்டிலும் பிடியினுள்ளும் கம்பிச்சுருள்கள் உள்ளன. அவற்றிடையே காந்தப்புலத்தின் வழியே சக்தி செல்கின்றது. வெளியே உலோகத் தொடர்பு இல்லை என விளக்கினேன். எனினும் தட்டை ஈரம் படாத இடத்திலேயே வைத்தோம்.

தேய்க்கும் பழக்கத்தை விடுவதே கடினம். தூரிகையைப் பல்லும் முரசும் சேருமிடத்தில் சற்றுச் சாய்வாக வைத்து, ஒவ்வொரு பல்லாக மெல்ல நகர்த்தினாற் போதும். அசைவைக் கருவி பார்த்துக்கொள்ளும். வாயை நான்கு பகுதிகளாக்கிப் பகுதிக்கு 30 வினாடி செலவிடவேண்டும். "வாய்க்குள்ளை வண்டொண்டு பூந்தமாதிரிக் கிடக்கு" என்று முறையிட்ட அன்னையார், ஒரு கிழமையில் அதற்குப் பழகிவிட்டார்.

நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன். எச்சரிக்கை விளக்கு அடிக்கடி சிவந்தபோதுதான், இத்தனை ஆண்டுகளாகப் பாத்திரம் விளக்குவதுபோல் என் முரசைத் தேய்த்திருக்கிறேன் என்பது விளங்கிற்று. 2014இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத்தொகுப்பு, மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட பாவனையில், சாதாரணத் தூரிகையினும் இதனாற் பற்படலம் 21 வீதமும் முரசழற்சி 11 வீதமும் குறைவதாகக் கூறுகின்றது. எனினும், முறையறிந்து பொறுமையாகத் துலக்குவோருக்குச் சாதாரணத் தூரிகையும் நன்மையே பயக்கும். யாவரும் இதனை வாங்கவேண்டுமென்று யான் சொல்ல வரவில்லை.

இப்போது அன்னையார் வெயில் ஏறிய பின்னரே கிணற்றடிக்குச் செல்கின்றார். அரை நிமிடத்தில் ஓடிவரும் என் மகளை, "இன்னும் இரண்டு நிமிசம் ஆகேல்லைப் பிள்ளை" என்று கண்டித்துத் திருப்பி அனுப்புகின்றார். அந்தக் குரலில் பழைய அதிகாரம் மீண்டிருக்கின்றது.

முதியோர் உள்ள இல்லங்களில் வாழும் அன்பர்களே, அவர்கள் கைகளையும் ஒருமுறை உற்று நோக்குங்கள். தம் குறையை அவர்கள் வாய்திறந்து கூறமாட்டார்கள்.