கேட்காத அலை

மாத்தூரில் என் மாடி அறைக்குப் பக்கத்து அறையில் ஓர் இளைஞன் இருந்தான். ஒரகடத்தில் காண்ட்ராக்ட் வேலை, பிரஸ் ஷாப். நான் பாங்குக்குப் புறப்படும் வேளையில் அவன் நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவான். தூங்குவதற்கு முன் லாப்டாப்பைத் திறந்து இலவச இசை மென்பொருள் ஒன்றில் ஏதோ செய்துகொண்டிருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுக் காட்டினான். ஒரே ஸ்வரம், நீளமாக, அசைவின்றி. எல்.எஃப்.ஓ. என்று குறித்திருந்த குமிழைத் திரையில் திருப்பினான். ஸ்வரம் நடுங்கத் தொடங்கியது. எல்.எஃப்.ஓ.வும் ஓர் அலைதான். ஆனால் வினாடிக்குச் சுமார் 20 தடவைக்குக் குறைவாக அதிர்வதைக் காது ஒலியாக ஏற்பதில்லை. அது இன்னொரு ஒலியைப் பிடித்து ஆட்டுவதை மட்டுமே நாம் கேட்கிறோம். ச்ருதியை ஆட்டினால் நடுக்கம். ஒலியளவை ஆட்டினால் விம்மித் தணியும். ஃபில்டரை ஆட்டினால், வாயைத் திறந்து மூடுவதுபோல் ஒலியின் நிறம் மாறும்.

"இதிலே கமகம் வராதே தம்பி" என்றேன். கச்சேரி கேட்கிறவன் என்ற தோரணை. சொன்னது பிழையில்லை. அந்த அலை ஒரே அளவில் மேலும் கீழும் போய்வருகிறது. தோடியின் காந்தாரம் எவ்வளவு அசைய வேண்டும் என்பதையோ முன்னும் பின்னும் வரும் ஸ்வரங்களும் காலப்பிரமாணமும் தீர்மானிக்கின்றன.

"கமகம் வேணாம் சார். ராத்திரி பூரா நான் கேக்கறது இதுதான்" என்றான். ஒலியளவுக்குச் சதுர அலையை வைத்தான். ஒலி வெட்டி வெட்டி விழுந்தது. எட்டு நிமிஷம். வேகம் மெல்லக் குறைந்துகொண்டே வந்திருந்ததை முடிந்த பிறகுதான் உணர்ந்தேன். முதல் அலையின் வேகத்தை இன்னும் மெதுவான வேறோர் அலை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"மெஷின் குறையாது சார். நாலு மணிக்கு மேல நமக்குத்தான் அப்படிக் கேக்கும்."

நான் விமர்சனம் எழுதுகிறவன். ஒரு கவிதையில் இல்லாததைச் சொல்லி அதைத் தள்ளிய வாக்கியங்கள் என் கட்டுரைகளில் நிறைய உண்டு. அவற்றைத் திரும்பப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

1969-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் ட்யூடர் ஒரு மூக் ஸிந்தஸைஸரை அமைத்தார். அதில் கீதா சாராபாய் போன்றவர்கள் 1972 வரை பதிவு செய்த நாடாக்கள் நிறுவனத்தின் சேகரத்தில் கிடந்து, 2023-ல் இசைத்தட்டாக வந்தன. அவற்றைக் காப்பாற்ற ஓர் அலமாரி இருந்தது.

காண்ட்ராக்ட் முடிந்து அவன் அறையைக் காலி செய்துவிட்டான். அந்த எட்டு நிமிஷம் என்னிடம் இல்லை. அன்றைக்கே கேட்டு வாங்கியிருக்கலாம். முடிந்த பிறகும் நான் கமகத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.