கம்பியைப் பழக்குதல்

புதிய மண்சட்டியைப் பழக்காமல் அடுப்பில் ஏற்றும் இல்லத்தரசியை எங்கள் ஊரிற் காண்பது அரிது. கஞ்சித் தண்ணீர் ஊற்றி, மெல்லிய தணலிற் காய்ச்சிய பின்னரே அது குழம்புக்குத் தகுதி பெறும். புதுச் செருப்பும் அவ்வாறே. ஆதலால், இசைத்தட்டுக் கருவியிலிருந்து அம்பிளிபயருக்குச் செல்லும் கம்பியையும் பழக்கவேண்டும் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னபோது, என் மூத்த மகன் அதனைச் சிறிதும் ஐயுறவில்லை.

"நூறு மணித்தியாலம் ஓடவிட வேணுமாம், அப்பா. பிறகுதான் உண்மையான நாதம் வருமாம்" என்றான்.

அவனுடைய முதற் சம்பளத்தில் ஒரு பங்கு அக்கம்பிக்குப் போயிருந்தது. அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை; உழைத்தவன் அவன். ஆனால் பழக்குவதற்கென்று அவன் கையில் எடுத்ததோ, என் தந்தையார் விட்டுச்சென்ற நாதஸ்வர இசைத்தட்டு. அதன் ஒரு பக்கம் ஏறக்குறைய 20 நிமிடம் ஓடும். நூறு மணித்தியாலம் என்றால் ஊசி முந்நூறு முறை அத்தட்டை உழவேண்டும்! வைர ஊசிக்கும் ஆயுள் 500 முதல் 1000 மணித்தியாலம் என்பர். அதில் ஐந்திலொன்றோ பத்திலொன்றோ வீணே தேய்ந்துபோகும்.

தாளும் பென்சிலும் எடுத்து அவனருகில் அமர்ந்தேன். அவனுடைய காட்றிஜ் எழுப்பும் மின்னழுத்தம் ஏறத்தாழ 5 மில்லிவோல்ற்று. டோர்ச் லைற்றிலுள்ள ஒரு மின்கலத்தின் வலுவில் முந்நூறிலொரு பங்கு. அது சென்று சேரும் இடத்தில் 47,000 ஓம் தடை உண்டு. வகுத்துப் பார்த்தால், கம்பியில் ஓடுவது ஓர் அம்பியரின் கோடியிலொரு பங்கு. இத்துணை நொய்தான மின்னோட்டத்துக்குச் செப்பு தன் குணத்தை மாற்றிக்கொள்ளுமா? கம்பியின் கொள்ளளவம் மேற்சுரங்களைச் சிறிது மாற்றும் என்பது மெய்யே. ஆயின் அது முதல் நாளும் நூறாம் நாளும் ஒன்றுதான்.

கணக்கு அவனுக்கு நிறைவளிக்கவில்லை. காதாற் கேட்டதைத் தாளால் மறுக்கலாமா என்றான், நியாயமான கேள்வி. எனவே சினிமாப் பாட்டுத் தட்டொன்றை வைத்து, அவனைச் சுவரை நோக்கி இருத்தினோம். அவன் தங்கை பழைய கம்பியையும் புதியதையும் சொல்லாமல் மாற்றி மாற்றிப் பூட்டினாள். பன்னிரண்டு தடவையில் ஏழு தடவை சரியாகச் சொன்னான். காசைச் சுண்டிப்போட்டாலும் ஆறேழு வரும்.

பழகும் பொருள் இவ்விடத்தில் ஒன்றுமேயில்லை என்று சொல்லிவிடலாகாது. காட்றிஜ்ஜினுள் ஊசித்தண்டைத் தாங்கும் சிறு றப்பர் வளையம் புதிதில் விறைப்பாக இருக்கும். சில பத்து மணித்தியாலங்களில் இளகும். செவியும் பழகும்; நேற்றுக் கூச்சமாயிருந்த ஓசை இன்று இனிக்கும். இன்னொன்றும் உண்டு. எங்களைப்போல் உப்புக்காற்று வீசும் கரையோரத்தில் வாழ்வோர் வீட்டில் கம்பிமுனைகளிற் களிம்பு ஏறும். புதுக்கம்பி பூட்டுகையில் அது உராய்ந்து நீங்குவதால் இரைச்சல் தணியும். புகழோ கம்பிக்குப் போகும்!

மகன் கம்பியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மறுமாதம் ஊசியின் பாரத்தை நிறுக்கும் சிறு தராசொன்று வாங்கிவந்தான். 2 கிராம் இருக்கவேண்டிய இடத்தில் மூன்றரைக் கிராம் அழுத்திக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்த பிறகே தாத்தாவின் தட்டை மேடையில் வைத்தான்.