ரெண்டு கேள்விக்குறியே தேவலாம்

கொஞ்ச நாளா ஆணி அதிகம், இந்தப் பக்கம் வர முடியல. இன்னிக்கும் ஆணிக் கதைதான், பொறுத்துக்குங்க மக்களே.

எனக்குச் சோறு போடறது டைப்செட்டிங். பாண்டிச்சேரின்னா பல பேருக்குக் கடற்கரையும் 'அந்த' சமாச்சாரமும்தான் ஞாபகம் வரும். ஆனா வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் பக்கம் கட்டிக் குடுக்கிற கம்பெனிகளும் இங்க ரொம்ப வருஷமா இருக்கு. ரெட்டியார்பாளையத்துல, வில்லியனூர் ரோட்டுல காலைல பஸ்ஸுக்கு நிக்கற கூட்டத்துல நம்ம தொழில்காரங்க நாலு பேராவது இருப்போம்.

புத்தகத்துல "அட்டவணை 7.4ஐப் பார்க்க"ன்னு வருதில்ல, அந்த 7.4ஐ நாங்க கையால அடிக்கறதில்ல. அட்டவணைக்கு ஒரு பேர் வெச்சுடுவோம், அதான் லேபிள். வேணுங்கற எடத்துல அந்தப் பேரைச் சொன்னா லேடெக் நம்பரைப் போட்டுக்கும். முதல் தடவை ஓட்டறப்ப பேரையெல்லாம் ஒரு துணைக் கோப்புல எழுதிக்கும், அடுத்த தடவை எடுத்துப் போடும். பேர் கிடைக்கலன்னா '??'ன்னு காட்டிடும். புதுசா வந்தவங்க அதைப் பார்த்து அலறுவாங்க. குலைக்கிற நாய் கடிக்காதுங்க.

கடிக்கிற நாய் வேற. அட்டவணைக்கு நம்பர் பொறக்கறதே கேப்ஷன்லதான். லேபிளைக் கேப்ஷனுக்கு மேல வெச்சுட்டா, அது அட்டவணை நம்பரை விட்டுட்டு அந்தப் பகுதியோட நம்பரை எடுத்துக்கும். 7.4 வரவேண்டிய எடத்துல 7.2 வரும். 7.2ன்னு வேற ஒரு அட்டவணை நெஜமாவே இருக்கறதால யாருக்கும் சந்தேகம் வராது. எச்சரிக்கையும் கிடையாது. லேபிளைக் கேப்ஷனுக்குக் கீழ எறக்கினா தீர்ந்துது, அரை நிமிஷ வேலை.

இப்ப கொசுவத்தி. சில வருஷம் முன்னாடி ஒரு மருந்தியல் புத்தகம். விடிஞ்சா அனுப்பணும். ஒரு எடத்துல இதே 7.2. ஏன்னு பார்க்கப் பொறுமையில்லாம 7.4ன்னு கையால அடிச்சுட்டு வீட்டுக்குக் கெளம்பிட்டேன்.

ப்ரூஃப்ல ஆசிரியர் முன்னாடி ஒரு அட்டவணையைப் புதுசா சேர்த்தார். எல்லா நம்பரும் ஒண்ணு தள்ளிப் போச்சு, நான் அடிச்சது மட்டும் அசையல. குழந்தைகளுக்கான மருந்தளவு 7.5க்குப் போயிடுச்சு. 7.4ல இப்ப பெரியவங்களுக்கான அளவு. குழந்தைக்கு எவ்வளவு குடுக்கணும்னு தேடறவர் அங்க போய் நிப்பார்! நல்லவேளை, கடைசி ப்ரூஃப்ல ஆசிரியரே பிடிச்சுட்டார்.

கோப்பைக் கடைசியாத் தொட்டது பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பொண்ணு. சேர்ந்து மூணு மாசம். மீட்டிங்ல அவளைத்தான் நிக்க வெச்சுக் கேட்டாங்க. நான் பக்கத்துலயே நின்னேன். வாயைத் தொறக்கல.

வெளிய வந்து கேட்டா, "அண்ணா, நான் எங்க தப்பு பண்ணேன்னு காட்டுங்கண்ணா, அடுத்த தடவை பண்ண மாட்டேன்."

கோப்பைத் தொறந்து லேபிள், கேப்ஷன் எல்லாம் பொறுமையா சொல்லிக் குடுத்தேன். 7.4ஐ அடிச்சது யாருன்னு மட்டும் சொல்லல. அடுத்த மாசம் அவ வேலையை விட்டுட்டா.

லேடெக்குக்கு அடிப்படையான டெக்கை எழுதின டொனால்ட் கனூத், அதுல தப்பு கண்டுபிடிச்சுச் சொல்றவங்களுக்குச் செக் எழுதி அனுப்பினவர். டெக்ல தான் பண்ணின தப்புகளைப் பட்டியல் போட்டு 1989ல கட்டுரையாவே வெளியிட்டார். புதுசா வர்ற பசங்களுக்கு இதைப் பெருமையா சொல்றவன் நான். என்னோடது ஒரே ஒரு நம்பர், அதைச் சொல்ல முடியல.

போன வாரம் ஒரு பையன் "அண்ணா, கேள்விக்குறி வந்துடுச்சு"ன்னு ஓடி வந்தான். உட்கார வெச்சு மொத்தக் கதையும் சொன்னேன், அடிச்சது நான்தாங்கறதையும் சேர்த்து. கேட்டுட்டு, "அந்த அக்காகிட்ட சொல்லிட்டீங்களாண்ணா?"ன்னான்.

இன்னும் இல்ல.

டிஸ்கி: எங்கயாவது அவசரத்துக்குக் கையால நம்பர் அடிச்சு வெச்சிருந்தா, இன்னிக்கே போய் எடுத்துடுங்க.